மேல் பிளக்

கீழ் பிளக்கை முதலில் கழற்றிவிட்டேன்.
தப்பு அதுதான்.
மற்றதெல்லாம் அது போட்ட குட்டிகள்.

கம்பமெட்டு ரோட்டில், மலை தொடங்குமுன்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்
ஜீப்பின் வயிற்றுக்கடியில் சாக்கு விரித்துக் கிடக்கிறேன்.
பின் கிரவுனிலிருந்து ஆயில் இறங்குகிறது,
கறுப்பாக அல்ல,
ஆறிப்போன பால் டீ மாதிரி.
ஆடி மழையில் ஓடை தாண்டியபோது
தண்ணீர் குடித்திருக்கிறது.
உள்ளே பதினாலு பேர் இருந்தார்கள்.
ஒருத்தருக்கும் தெரியவில்லை, எனக்கும்.

பிளக் நுனிக் காந்தத்தில்
இரும்புத்தூள் மயிர் விட்டிருந்தது.
விரலால் வழித்தேன். மெத்தென்று,
பூனைக்குட்டி முதுகு.
வளைவில் வெளிச்சக்கரம் கூட ஓட வேண்டும்,
உள்சக்கரம் குறைய.
ஒரே வண்டி, ஒரே நிமிஷம், ரெண்டு கணக்கு.
அந்த வம்பைத் தீர்க்கத்தான்
பல்லோடு பல் எண்ணெயில் முங்கிக் கிடக்கிறது.
தீர்த்துத் தீர்த்துத் தேய்ந்த தூள் இது.
கைலியில் துடைத்துக்கொண்டேன்.

பிறகு மேல் பிளக்.
ஸ்பானர் போட்டேன், அசையவில்லை.
பைப் செருகி இழுத்தேன்.
சதுரத் தலை
உருண்டைத் தலையானது.

ஜோஸ்குட்டி நெடுங்கண்டத்தில் கல்யாண வீட்டில்.
போனுக்குள் செண்டை மேளம், அதற்கு மேல் அவன்:
"ஆத்யம் முகளிலத்தே அழிக்கண்டே?"
அழிக்க.
அவன் பேச்சில் அது கழற்றுவது.
என் பேச்சில், நான் செய்து வைத்திருப்பது.

வெளியே ரெண்டு கால் வந்து நின்றது.
வேலுத்தாய். என் காலைப் பார்த்துத்தான் பேசினாள்.
"காலைல அஞ்சுக்கு வண்டி உண்டா?
இல்லேன்னா இப்பவே சொல்லிரு,
ஒச்சப்பன் ஜீப்புல எடம் கேக்கணும்."
சொன்னேன். கீழே காலி, மேலே பூட்டு.
"எண்ணெ உள்ள போக வேற வழியே கெடையாதா?"
"மூச்சு விடுற ஓட்டை ஒண்ணு இருக்கு, ஆக்சில் மேல.
சுண்டுவிரல் போகாது."
"மூக்கு வழியா ஊத்து.
எங்க மாமனாருக்குப் பெரியாஸ்பத்திரில
எட்டு நாள் அப்படித்தான் கஞ்சி ஊத்துனாங்க."
"பொழைச்சாரா?"
அதற்கு அவள் பதில் சொல்லவில்லை.

மருந்தடிக்கிற டேங்குக்கு வாங்கிய புது ஹோஸ்
அவள் வீட்டிலிருந்து வந்தது.
கொஞ்சம் டீசல் விட்டு அலசினேன்.
புது ஆயில் டின்னை வெந்நீர் வாளியில் நிறுத்தினோம்,
இளகட்டும் என்று.
அவள் புனலைத் தூக்கிப் பிடித்தாள்,
நான் கீழே குழாயை.
கந்தக நாற்றம். கொசு.
குழாய் ஒரு மடக்கு குடிக்கும், நிற்கும்,
ஏப்பம் விடும், மறுபடி குடிக்கும்.
தெருவிளக்கு எரிந்தது. மேலே செக்போஸ்ட்டில்
லாரிகள் ஹாரன் அடித்து ஓய்ந்தன.

நிறைந்தால் மேல் துளையில் வழியும்.
வழிந்தால் போதும் என்று அர்த்தம்.
அந்த வாய்தான் திறக்கவில்லையே.
இறங்கியதை அளந்து ஊற்றலாம்,
இறங்கியதில் எண்ணெய் எவ்வளவு, ஓடை எவ்வளவு?

"மதி" என்றாள் வேலுத்தாய்.
ஏலக்காய் எடை போட்டதும் எஸ்டேட்டில் சொல்வார்களே,
அந்த மதி.
"எப்படித் தெரியும்?"
"டின்னு தீந்துருச்சு."

அஞ்சு பத்துக்குக் கிளம்பினோம்.
பதினாலு பேர், பதினாலு தூக்குவாளி.
பாட்டுப் போடச் சொன்னார்கள். போடவில்லை.
முதல் வளைவு.
ரெண்டாவது.
மூன்றாவதில் ஏதோ முனகிய மாதிரி இருந்தது,
வாளி மூடியாகவும் இருக்கலாம்.
கண்ணாடியில் பார்த்தேன்.
எல்லோரும் தூங்கி வழிய,
வேலுத்தாய் மட்டும்
செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளங்காலைத் தகரத்தில் அழுத்தி வைத்திருந்தாள்.